பள்ளிக்குள் ஒரு கல்லூரிப் பாடம்: அமெரிக்காவின் ஏ.பி. உயிரியல்

ஒரு பாடம் கல்லூரித் தரத்தில் நடத்தப்படுகிறது என்பதற்கு எதைச் சான்றாகக் கொள்வது என்ற கேள்வி அமெரிக்கக் கல்வி வரலாற்றில் எழுபது ஆண்டுகளாக எழுந்து வந்துள்ளது. பாடநூலின் பருமன், தேர்வின் கடுமை, கற்பிப்பவரின் பட்டம், ஆய்வகத்தில் மாணவர் செலவிடும் நேரம் என ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொன்று அந்தச் சான்றாக முன்னிறுத்தப்பட்டது. 'அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்' என்ற திட்டத்தின்கீழ் உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தப்படுவதும், ஆண்டுதோறும் மே மாதத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் மாணவர்கள் தேர்வெழுதுவதுமான ஏ.பி. உயிரியல், இக்கேள்வி மிகக் கூர்மையாக வெளிப்பட்ட பாடங்களுள் ஒன்று. அதன் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால், கல்லூரித் தரம் என்பது உள்ளடக்கத்தின் அளவைவிட, விசாரித்து அறிவதற்கு மாணவருக்குக் கிடைக்கும் நேரத்தைச் சார்ந்தது என்ற முடிவுக்கு அப்பாடத்தை வகுத்தவர்களே மெல்ல மெல்ல வந்து சேர்ந்ததும், அந்த முடிவை அவர்கள் பாதியளவே நடைமுறைப்படுத்தியதும் புலப்படும்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்பது 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்புகள். பொதுவாக 9ஆம் அல்லது 10ஆம் வகுப்பில் அடிப்படை உயிரியலையும் அதையடுத்து வேதியியலையும் முடித்த மாணவர், 11ஆம் அல்லது 12ஆம் வகுப்பில் ஏ.பி. உயிரியலை எடுக்கிறார். ஆண்டிறுதித் தேர்வை நடத்துவது பள்ளியோ மாநில அரசோ அல்ல. 1900இல் தொடங்கப்பட்ட 'காலேஜ் போர்டு' என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. தேர்வின் முடிவு 1 முதல் 5 வரையிலான ஒற்றை எண்ணாக வழங்கப்படுகிறது. 5 மிக உயர்ந்தது, 3 தேர்ச்சிக்குரியதாகப் பொதுவில் கருதப்படுவது. அந்த எண்ணைப் பார்த்து, மாணவர் பின்னர் சேரும் பல்கலைக்கழகம் அவருக்குக் 'கிரெடிட்' வழங்கலாம். பட்டம் பெற முடித்தாக வேண்டிய பாட அளவுகளைக் கணக்கிடும் அலகே கிரெடிட். நான்காண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் தேவைப்படும் நிலையில், ஆய்வகத்துடன் கூடிய முதலாண்டு உயிரியல் இரண்டு பருவங்களுக்குமாகச் சுமார் எட்டு கிரெடிட் பெறும். தேர்வுக் கட்டணம் சுமார் 100 டாலர் என்பதையும், அதே பாடத்தைக் கல்லூரியில் படிக்க ஆயிரக்கணக்கான டாலர் செலவாகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இத்திட்டத்தின்மீது பெற்றோருக்குள்ள ஈர்ப்பு எளிதில் விளங்கும்.

ஆனால் பணத்தை மிச்சப்படுத்துவதற்காக இத்திட்டம் தொடங்கப்படவில்லை. ஃபோர்டு அறக்கட்டளை ஏற்படுத்திய கல்வி மேம்பாட்டு நிதியின் துணையோடு 1950களின் தொடக்கத்தில் இரண்டு முயற்சிகள் நடைபெற்றன. ஆண்டோவர், எக்ஸிட்டர், லாரன்ஸ்வில் ஆகிய மூன்று தனியார் பள்ளிகளும் ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய முதல் ஆய்வு, நல்ல பள்ளியில் படித்த மாணவர் கல்லூரியின் முதல் ஈராண்டுகளில் ஏற்கெனவே கற்றதையே திரும்பக் கற்று ஆர்வம் இழக்கிறார் என்பதை 1952இல் எடுத்துரைத்தது. கென்யன் கல்லூரியின் தலைவர் கார்டன் கீத் சால்மர்ஸ் முன்னின்று நடத்திய இரண்டாவது முயற்சி, பள்ளியிலேயே கற்பிக்கத் தகுந்த கல்லூரிப் பாடங்களை வரையறுத்தது. இவ்விரண்டின் விளைவாக உருவான திட்டத்தைக் காலேஜ் போர்டு 1955இல் ஏற்றுக்கொண்டது. 1956 மே மாதத்தில் நடந்த முதல் தேர்வில் 104 பள்ளிகளைச் சேர்ந்த 1,229 மாணவர்கள் கலந்துகொண்டனர். தேர்ந்தெடுத்த சில பள்ளிகளின் தேர்ந்தெடுத்த சில மாணவர்கள் கல்லூரியில் மேல்நிலைப் பாடத்திலிருந்து தொடங்க வழிசெய்வதே அன்றைய நோக்கம். பாடத்தைக் கற்பித்தவர்கள் உயர்ந்த கல்வித் தகுதி கொண்ட ஆசிரியர்கள்; அவர்களுடைய வகுப்புகள் சிறியவை, ஆய்வகங்கள் வசதியானவை. கல்லூரித் தரம் என்பதற்கான சூழல் முழுவதும் அங்கே முன்கூட்டியே இருந்ததால், அச்சூழலைத் தனியே வரையறுத்து எழுதிவைக்க வேண்டிய தேவை யாருக்கும் தோன்றவில்லை. பின்னாளில் எழுந்த இடர்ப்பாடுகளில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அதே காலத்தில் உயிரியலின் தன்மையும் மாறிக்கொண்டிருந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953இல் அறிவிக்கப்பட்டது. அதன் குறியீட்டை 1960களில் படித்தறிந்தார்கள். 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதும் அறிவியல் கல்வியில் அமெரிக்கா பின்தங்கிவிட்டது என்ற அச்சம் நாடெங்கும் பரவியது. 1958இல் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் உயிரியல் பாடத்திட்ட ஆய்வமைப்பு ஒன்றும் தோன்றியது. பி.எஸ்.சி.எஸ். என்று அறியப்பட்ட அவ்வமைப்பு 1963இல் நீலம், பச்சை, மஞ்சள் என்ற மூன்று அட்டை நிறங்களில் மூன்று பாடநூல்களை வெளியிட்டது. முதலாவது மூலக்கூறுகளிலிருந்தும், இரண்டாவது சூழலியலிலிருந்தும், மூன்றாவது உயிரணுவிலிருந்தும் உயிரியலை அணுகின. பரிணாமத்தைக் கற்பித்ததற்காக ஓர் ஆசிரியர்மீது 1925இல் நடந்த ஸ்கோப்ஸ் வழக்குக்குப் பின் பள்ளி நூல்களில் மங்கிப்போயிருந்த பரிணாமக் கொள்கையை மீண்டும் நடுவிடத்தில் வைத்தவை இந்நூல்களே.

பரிணாமம் பற்றிய இச்செய்தி ஏ.பி. உயிரியலோடு நெருங்கிய தொடர்புடையது. பரிணாமத்தைக் கற்பிப்பதற்கு உள்ளூர் எதிர்ப்பு வலுவாக இருந்த பல மாவட்டங்களில் பள்ளி வாரியங்கள் பாடத்தின்மீது அழுத்தம் கொடுத்து வந்தன. பென்சில்வேனியாவின் டோவர் நகரப் பள்ளி வாரியம், உயிர்கள் ஓர் அறிவுள்ள ஆற்றலால் வடிவமைக்கப்பட்டவை என்னும் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற கருத்தை உயிரியல் வகுப்பில் புகுத்த முயன்றது அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்று 2005 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது இந்த நீண்ட போராட்டத்தின் ஒரு கட்டமே. இத்தகைய சூழலில், நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, அத்தேர்வின் முதல் அடித்தளம் பரிணாமம் என்ற நிலை, உள்ளூர் அழுத்தத்துக்கு எதிராக ஆசிரியர் பற்றிக்கொள்ளத்தக்க ஓர் ஆதாரமாக அமைந்தது. ஏ.பி. உயிரியலின் நன்மைகளைப் பட்டியலிடுவோர் கிரெடிட்டையும் கல்லூரிச் சேர்க்கை வாய்ப்பையும் பேசும் அளவுக்கு இதைப் பேசுவதில்லை. ஆனால் இது அவற்றைவிடப் பெரிய நன்மை.

1970களிலிருந்து உயிரியல் பெருகிய வேகம் பாடத்தை வேறொரு சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தியது. மரபணுக்களை வெட்டி ஒட்டும் தொழில்நுட்பம், டி.என்.ஏ.வைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறை, மனித மரபணுத் தொகுதியின் வரிசை என ஒவ்வொரு புதுக் கண்டுபிடிப்பும் பாடத்தில் சேர்க்கப்பட்டது. பழையவற்றில் எதுவும் வெளியேறவில்லை. 1987இல் நீல் கேம்பெல் எழுதி வெளிவந்த உயிரியல் பாடநூல் கல்லூரிகளிலும் ஏ.பி. வகுப்புகளிலும் ஒருசேர நிலைபெற்று, பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து, ஆயிரத்து இருநூறு பக்கங்களைத் தாண்டியது. செப்டம்பர் முதல் வாரத்தில் பள்ளி திறக்கும் வட மாநிலங்களின் ஆசிரியருக்கும், ஆகஸ்டின் தொடக்கத்திலேயே திறக்கும் தென் மாநிலங்களின் ஆசிரியருக்கும் தேர்வு நாள் மே மாதத்தின் அதே நாள்தான் என்பதால், முன்னவருக்கு இந்நூலை முடிப்பது இன்னும் கடினமானது. தேர்வும் இந்த ஓட்டத்தை ஊக்குவித்தது. 80 நிமிடங்களில் 100 பலவிடைத் தெரிவு வினாக்கள், அதன்பின் 90 நிமிடங்களில் நான்கு கட்டுரைகள் என்ற பழைய அமைப்பில், ஒரு வினாவுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே கிடைத்தது. அந்த நேரத்துக்குள் நினைவுகூர முடியுமே தவிர, சிந்திக்க இயலாது.

இந்நிலையை வெளிப்படையாகச் சுட்டிக்காட்டியது அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம். உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தப்படும் மேல்நிலை அறிவியல், கணிதப் பாடங்களை ஆராய்ந்து அம்மன்றம் 2002இல் வெளியிட்ட அறிக்கை, ஏ.பி. அறிவியல் பாடங்கள் மிகப் பரந்த பரப்பை மேலோட்டமாகக் கடக்கின்றன என்றும், கருத்துகளை ஆழமாகப் புரிந்துகொள்ளவும் ஆய்வு முறையில் கற்கவும் போதிய இடம் தருவதில்லை என்றும் கூறியது. ஹார்வர்டு ஆய்வாளர் ஃபிலிப் சாட்லரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதே திசையைக் காட்டியது. கல்லூரியில் முதலாண்டு அறிவியல் படித்துக்கொண்டிருந்த எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் பள்ளி அனுபவத்தை அவர்கள் கேட்டறிந்தனர். பள்ளியில் ஏதேனும் ஒரு தலைப்பை ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆழமாகப் படித்தவர்கள் கல்லூரியில் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தனர். எல்லாத் தலைப்புகளையும் தொட்டுச் சென்றவர்களுக்கு வேதியியலிலும் இயற்பியலிலும் எந்தப் பயனும் தெரியவில்லை. உயிரியலிலோ அது பாதகமாகவே அமைந்தது. மூன்று பாடங்களில் உயிரியலில் மட்டும் பரப்பு பாதகமானது என்பது ஆசிரியர்கள் நெடுநாளாக உணர்ந்திருந்த ஒன்றுக்குக் கிடைத்த எண்சார்ந்த உறுதி.

காலேஜ் போர்டு பாடத்தை முற்றாகத் திருத்தியமைத்து 2012–13 கல்வியாண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பரிணாமம், ஆற்றல், தகவல் சேமிப்பும் கடத்தலும், அமைப்புகளின் இடைவினை ஆகிய நான்கு பெருங்கருத்துகளின்கீழ் உள்ளடக்கம் அடுக்கப்பட்டது. மனித உடல் மண்டலங்களின் விரிவான விவரிப்பு பெரும்பாலும் நீங்கியது. எஞ்சியவை ஆசிரியர் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளும் எடுத்துக்காட்டுகளாக மாறின. பாடத்திட்ட ஆவணத்தில் அதற்கு முன் காணப்படாத துணிவும் இருந்தது. ஒளிச்சேர்க்கையில் கரியமில வாயு சர்க்கரையாக மாறும் கால்வின் சுழற்சியின் படிநிலைகளையும், மூலக்கூறுகளின் அமைப்பையும், நொதிகளின் பெயர்களையும் மனப்பாடம் செய்வது இப்பாடத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது என்று அது எழுத்திலேயே சொன்னது. விதிவிலக்காகக் குறிப்பிடப்பட்ட ஒரே நொதி, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யை உருவாக்கும் ஏ.டி.பி. சிந்தேஸ். எதைக் கற்பிக்கத் தேவையில்லை என்று சொல்லும் பாடத்திட்டம் அரிது. ஆசிரியருக்கு அது மீட்டுக் கொடுத்த வாரங்களின் மதிப்பு மிகப் பெரிது.

மீட்கப்பட்ட நேரம் ஆய்வகத்துக்கு உரியது என்பதே திருத்தத்தின் உட்கருத்து. கற்பிக்கும் நேரத்தில் கால்பங்கு ஆய்வகப் பணிக்கு ஒதுக்கப்பட வேண்டும். பெருங்கருத்து ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு வீதம் எட்டு ஆய்வுகளேனும் நடத்தப்பட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. முன்பிருந்த பன்னிரண்டு சோதனைகள், என்ன செய்வது, எந்த அட்டவணையில் எதை நிரப்புவது என்பதை முழுவதுமாகச் சொல்லிவிட்ட செய்முறைக் குறிப்புகள். புதிய பதின்மூன்று ஆய்வுகளில் அடிப்படை உத்தி மட்டும் கற்றுத்தரப்பட்டு, கேள்வியை மாணவரே எழுப்பி, சோதனையைத் தாமே வடிவமைக்க வேண்டியிருந்தது.

ஒளிச்சேர்க்கைச் சோதனையில் ஏற்பட்ட மாற்றம் இதை நன்றாக விளக்கும். பழைய முறையில், பிரித்தெடுத்த பசுங்கணிகங்களை ஒரு நீலச் சாயத்தோடு கலந்து, சாயம் வெளிறும் அளவை ஒளியளவுமானி என்ற விலையுயர்ந்த கருவியால் அளந்தார்கள். புதிய முறைக்கு வேண்டியவை கீரை இலை, இலையில் வட்டத் துண்டுகள் எடுக்க ஒரு துளையிடும் கருவி, ஊசி நீக்கிய சிரிஞ்சு, சமையல் சோடா கரைத்த நீர், ஒரு விளக்கு. இலை வட்டுகளைச் சோடா நீரோடு சிரிஞ்சுக்குள் இட்டு, முனையை விரலால் அடைத்துத் தண்டைப் பின்னுக்கு இழுத்தால், இலையின் உள்ளிடைவெளிகளிலிருந்த காற்று வெளியேறி அங்கே நீர் புகுகிறது; வட்டுகள் மூழ்குகின்றன. அவற்றை ஒளியில் வைத்தால் ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் அந்த இடைவெளிகளில் சேர்ந்து வட்டுகளை ஒவ்வொன்றாக மேலெழச் செய்கிறது. பாதி வட்டுகள் மிதப்பதற்கு ஆகும் நேரமே ஒளிச்சேர்க்கையின் வேகத்துக்கு அளவு. ஒளியின் நிறத்தை மாற்றினால் என்னவாகும், வெப்பநிலையைக் கூட்டினால் என்னவாகும், முற்றிய இலைக்கும் இளந்தளிருக்கும் வேறுபாடு உண்டா என்ற கேள்விகளை மாணவர் தாமே எழுப்பலாம். மிதக்கும் வட்டுகளை இருட்டில் வைத்தால் சுவாசித்தலில் ஆக்சிஜன் செலவாகி அவை மறுபடியும் மூழ்கும் என்பதைக் கண்ணால் பார்ப்பவருக்கு, தாவரமும் சுவாசிக்கிறது என்ற உண்மையைத் தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இச்சோதனைக்குப் பணச்செலவு மிகக் குறைவு. மாணவரின் முதல் வடிவமைப்பு தவறாகும், இரண்டாவது சற்றுத் தேறும், மூன்றாவதே பயன்தரும் என்பதால் இது கேட்பது முழுக்க முழுக்க நேரத்தை மட்டுமே.

மரபணு மாற்றச் சோதனை இன்னும் நுட்பமானது. ஜெல்லிமீன் ஒன்றில் காணப்படும் பச்சை ஒளிர் புரதத்தைப் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியென் ஆகியோர் 2008இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றனர். அந்தப் புரதத்தின் மரபணுவைத் தாங்கிய பிளாஸ்மிட்டை, அதாவது பாக்டீரியாவுக்குள் தனித்து இயங்கும் சிறு வளைய டி.என்.ஏ.வை, பள்ளி மாணவர்கள் தீங்கற்ற ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்துகிறார்கள். பனிக்கட்டியில் வைத்திருந்த குழாயை 42 பாகை செல்சியஸ் வெந்நீரில் 50 வினாடிகள் அமிழ்த்தி மறுபடியும் பனிக்கட்டிக்குக் கொண்டுவரும்போது, சில பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டை உள்ளே ஏற்றுக்கொள்கின்றன. பிறகு நான்கு வளர்ப்புத் தட்டுகளில் அவை பரப்பப்படுகின்றன. பிளாஸ்மிட் பெறாத பாக்டீரியாக்கள் சாதாரணத் தட்டில் செழித்து வளர்கின்றன. ஆம்பிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த தட்டில் அவை மடிகின்றன. ஆம்பிசிலின் கலந்த மூன்றாம் தட்டில் பிளாஸ்மிட் பெற்றவை அதைத் தாங்கி வளர்கின்றன, ஆனால் புறஊதா ஒளியில் ஒளிர்வதில்லை. ஆம்பிசிலினோடு அராபினோஸ் என்ற சர்க்கரையும் கலந்த நான்காம் தட்டில் வளர்பவை மட்டுமே பச்சையாக ஒளிர்கின்றன. மூன்றாம் தட்டிலும் நான்காம் தட்டிலும் இருப்பது ஒரே மரபணு. ஒன்றில் அது உறங்குகிறது, மற்றதில் சர்க்கரை அதை எழுப்பிவிடுகிறது. மரபணு இருப்பது வேறு, அது வெளிப்படுவது வேறு என்ற இந்த அறிவு தற்கால உயிரியலின் மையங்களில் ஒன்று. பல பக்க விளக்கத்தை இரண்டு தட்டுகளின் ஒப்பீடு இங்கே செய்துவிடுகிறது.

தேர்வும் இதற்கேற்ப மாறியது. இன்றைய வடிவில் 90 நிமிடங்களுக்கு 60 பலவிடைத் தெரிவு வினாக்கள், மற்றொரு 90 நிமிடங்களுக்கு எழுத்தால் விடையளிக்கும் ஆறு வினாக்கள். இரண்டுக்கும் சம மதிப்பு. கணிப்பானும் வாய்பாட்டுத் தாளும் அனுமதிக்கப்படுகின்றன. வினாக்கள் பெரும்பாலும் மாணவர் முன்பின் பார்த்திராத ஒரு சோதனையின் தரவிலிருந்து தொடங்குகின்றன. கருதுகோளை எழுது, கட்டுப்பாட்டுக் குழுவின் தேவையை விளக்கு, விளைவை முன்கூறு, அந்த முன்கூற்றுக்குக் காரணம் காட்டு என்று அவை கேட்கின்றன. புள்ளியியலும் உள்ளே வந்தது. ஓர் எடுத்துக்காட்டாக, இரு பக்கமும் திறந்த ஓர் அறையில் விடப்பட்ட 50 பழ ஈக்களில் 32 ஈக்கள் வாழைப்பழ வாசனையுள்ள பக்கத்துக்கும் 18 ஈக்கள் மறுபக்கத்துக்கும் சென்றன என்று கொள்ளலாம். வாசனைக்கு எந்த விளைவும் இல்லையென்றால் பக்கத்துக்கு 25 ஈக்கள் எதிர்பார்க்கப்படும். எதிர்பார்ப்புக்கும் கண்டதற்கும் உள்ள வேறுபாட்டை எடைபோடும் கை-வர்க்கச் சோதனையில் இது 3.92 என்ற மதிப்பைத் தருகிறது. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய எல்லையான 3.84ஐ அது சற்றே தாண்டிவிடுகிறது. 31 ஈக்களும் 19 ஈக்களுமாகப் பிரிந்திருந்தால் மதிப்பு 2.88 மட்டுமே, வாசனை ஈர்த்தது என்று சொல்ல அப்போது போதிய சான்று இல்லை. ஒரேயொரு ஈ முடிவை மாற்றிவிடும் இடத்தில் நின்று, மேலும் சோதனை தேவை என்று சொல்லத் தெரிந்த பதினேழு வயது மாணவர், உயிரியலில் பல பட்டதாரிகளுக்கு வாய்க்காத ஒன்றைக் கற்றிருக்கிறார்.

புதிய தேர்வின் முதல் முடிவுகள் பலரைத் திடுக்கிடச் செய்தன. 2012இல் தேர்வெழுதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 5 பெற்றிருந்தார். 2013இல் அது இருபதில் ஒருவர் என்ற அளவுக்கு விழுந்தது. அதே வேளையில் 1 என்ற கடைநிலை மதிப்பைப் பெற்றோரின் பங்கு மூன்றில் ஒன்று என்ற அளவிலிருந்து பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கி, பெரும்பாலோர் நடுவில் குவிந்தனர். மாணவர்களின் திறன் ஓராண்டில் இப்படிப் புரண்டுவிட்டது என்று கருத இடமில்லை. அளக்கப்பட்ட பொருளே மாறியிருந்தது. 2022க்குப் பின் 5 பெறுவோர் மறுபடியும் ஆறில் அல்லது ஏழில் ஒருவர் என்ற நிலைக்கு உயர்ந்துள்ளனர். வெவ்வேறு ஆண்டுகளின் ஐந்துகள் ஒரே பொருள் கொண்டவை அல்ல என்பதைச் சேர்க்கை அலுவலர்கள் அறிவார்கள். பெற்றோர் பெரும்பாலும் அறிவதில்லை.

இத்தனை மாற்றத்துக்குப் பின்னும் தீராத குறை ஒன்று உண்டு. ஏ.பி. உயிரியலில் செய்முறைத் தேர்வு கிடையாது. கால்பங்கு நேரம் ஆய்வகத்துக்கு என்ற விதி, பள்ளி அனுப்பிவைக்கும் பாடத்திட்டத்தைக் கல்லூரி ஆசிரியர்களைக் கொண்டு சரிபார்க்கும் தணிக்கை முறையில் இருக்கிறது; 2007 முதல் நடைமுறையில் உள்ள அந்தத் தணிக்கை தாளில் எழுதப்பட்டதைப் பார்க்கிறதே ஒழிய, வகுப்பில் நடந்ததைப் பார்ப்பதில்லை. இலை வட்டுகளைத் தானே மிதக்கவைத்த மாணவரும், அதன் காணொளியைப் பார்த்துவிட்டு மாதிரி வினாக்களைப் பயின்ற மாணவரும் ஒரே எண்ணைப் பெற முடியும். சில கல்லூரிகள் கிரெடிட் வழங்குமுன் மாணவரின் ஆய்வகக் குறிப்பேட்டைக் கேட்பதற்குக் காரணம் இதுவே. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது தேர்வு வீட்டிலிருந்தே எழுதும் 45 நிமிட இணையத் தேர்வாகச் சுருங்கியபோது, இரண்டே வினாக்களின் விடைகள் ஓராண்டின் கல்லூரித் தரத்துக்குச் சான்றாக நின்றன.

கிரெடிட் வழங்குவதில் பல்கலைக்கழகங்களுக்கிடையே காணப்படும் வேற்றுமையை இதன் பின்னணியிலேயே புரிந்துகொள்ள வேண்டும். டெக்சஸ், இல்லினாய் முதலிய மாநிலங்கள் 3 பெற்றவருக்கு அரசுப் பல்கலைக்கழகங்கள் கிரெடிட் வழங்குவதைச் சட்டத்தின் வழியே உறுதிசெய்துள்ளன. மறுபுறம், டார்ட்மத் கல்லூரி 2018இல் பட்டம் பெறும் அணியிலிருந்து ஏ.பி. மதிப்பெண்ணுக்குக் கிரெடிட் தருவதை நிறுத்தியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் ஏ.பி. உயிரியலுக்குக் கிரெடிட் தருவதில்லை. மருத்துவக் கல்லூரிகள் பலவும், முதலாண்டு உயிரியலுக்கு ஈடாக ஏ.பி.யை ஏற்பதில்லை, அல்லது அதற்குப் பதிலாக மேல்நிலை உயிரியல் பாடங்களைக் கேட்கின்றன. மருத்துவராகும் நோக்கத்தோடு இப்பாடத்தை எடுக்கும் மாணவருக்கு, அதாவது இதை மிகுந்த ஆவலோடு எடுக்கும் பிரிவினருக்கு, கிரெடிட்டால் விளையும் பயன் மிகக் குறைவு என்பது கவனத்துக்குரியது.

பாடம் உண்மையில் என்ன விளைவிக்கிறது என்பதை அறிவதும் எளிதன்று. ஏ.பி. எடுத்தவர்கள் கல்லூரியில் சிறக்கிறார்கள் என்ற புள்ளிவிவரம் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது; ஆனால் அவர்கள் பாடத்தை எடுக்குமுன்பே திறமையும் வசதியும் ஊக்கமும் உடையவர்களாக இருந்தார்கள் என்பதை அது மறைத்துவிடுகிறது. சாட்லரும் ராபர்ட் டாயும் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்று, பள்ளியில் கூடுதலாக உயிரியல் படித்தது கல்லூரி உயிரியலில் மட்டும் உதவியது என்றும், கூடுதலாகக் கணிதம் படித்தது உயிரியல், வேதியியல், இயற்பியல் மூன்றிலும் உதவியது என்றும் காட்டியது. ஏ.பி. உயிரியலுக்கு இடம் தேடிக் கணிதத்தைக் கைவிடும் மாணவருக்கு இது தெளிவான எச்சரிக்கை.

திறமையும் ஊக்கமும் உள்ளவர்களே பாடத்தைத் தேர்ந்தெடுப்பதால் நேரும் சாய்வை நீக்கிய ஆய்வு டிலன் காங்கர், மார்க் லாங் முதலியோர் 2021இல் வெளியிட்டது. ஏ.பி. உயிரியலையோ வேதியியலையோ புதிதாகத் தொடங்கிய 23 பள்ளிகளில், தகுதியுள்ள மாணவர்களுள் யாருக்கு இடம் அளிப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, இரு பிரிவினரையும் ஒப்பிட்டார்கள். பாடத்தை எடுத்தவர்களின் அறிவியல் திறனும் அறிவியல் சார்ந்த பட்டப்படிப்பில் அவர்களுக்குள்ள நாட்டமும் ஓரளவு உயர்ந்ததற்கான அறிகுறிகள் தென்பட்டன. கூடவே அவர்களின் மன அழுத்தம் கூடியது, பாட மதிப்பெண் குறைந்தது, கல்லூரி அறிவியலில் தம்மால் வெல்ல முடியும் என்ற நம்பிக்கையும் குறைந்தது. திறன் வளரும்போதே நம்பிக்கை தேய்வது முரணாகத் தோன்றலாம். முதன்முறையாகக் கடினமான ஒன்றைச் சந்திப்பவர் தம் எல்லைகளை உணர்வது இயல்பு என்று அதற்கு ஒரு விளக்கம் உண்டு; ஆயினும், ஏழைப் பள்ளியொன்றில் அந்த மாணவரை அருகிருந்து தேற்றும் அனுபவமிக்க ஆசிரியர் இல்லையென்றால், அவ்வுணர்வு அவரை அறிவியலிலிருந்தே விலக்கிவிடவும் கூடும்.

வசதி குறைந்த பள்ளிகளுக்கு இத்திட்டத்தைக் கொண்டுசேர்க்கும் முயற்சிகள் வீணாகிவிடவில்லை. டெக்சஸில் 1996இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், ஏ.பி. தேர்வில் 3 அல்லது அதற்கு மேல் பெறும் மாணவருக்கும் அவருடைய ஆசிரியருக்கும் பணப் பரிசு வழங்கப்பட்டது. அதை ஆராய்ந்த பொருளியலாளர் கிராபோ ஜாக்சன், அப்பள்ளிகளிலிருந்து கல்லூரி செல்வோர் பெருகியதைக் கண்டறிந்தார். அத்திட்டம் பரிசோடு நில்லாமல் ஆசிரியர் பயிற்சியையும், பள்ளி நேரத்துக்குப் பிந்திய கூடுதல் வகுப்புகளையும் வழங்கியது என்பதை மறந்துவிடலாகாது. உயிரியலில் இது இன்னும் பொருந்தும். ஒரே பாடவேளையில் மரபணு மாற்றச் சோதனையைத் தொடங்கி முடிப்பது கடினம். தொடர்ச்சியான இரட்டைப் பாடவேளை வேண்டும். முந்தைய நாளே வளர்ப்புத் தட்டுகளைத் தயாரிக்க ஆசிரியருக்கு ஓய்வு வேளை வேண்டும். ஐந்து வகுப்புகளைத் தனியே சுமக்கும் ஆசிரியரிடம் இவ்விரண்டும் இருப்பதில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில், ஏ.பி. உயிரியலை எடுக்க விரும்பும் மாணவரும் பெற்றோரும் பள்ளியிடம் முதலில் கேட்க வேண்டியது, கடந்த ஆண்டில் எத்தனை பேர் 5 பெற்றார்கள் என்பதை அன்று. வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வகத்தில் கழிகிறது, மாணவர் தாமே வடிவமைக்கும் ஆய்வுகள் எத்தனை என்பதையே. உயிரியலையோ மருத்துவத்தையோ தொடரப்போகும் மாணவர் 5 பெற்றாலும் கல்லூரியின் முதலாண்டு உயிரியலைத் தாண்டிச் செல்லாதிருப்பது நல்லது. இரட்டைப் பாடவேளையும் ஆசிரியருக்குத் தயாரிப்பு நேரமும் ஒதுக்க முடியாத பள்ளி, ஏ.பி. என்ற பெயரை ஏற்பதற்கு முன் அவ்விரண்டையும் தேடிக்கொள்ள வேண்டும். அதுவரை, அடிப்படை உயிரியலையே குறைந்த தலைப்புகளோடும் நிறைந்த ஆய்வுகளோடும் நடத்துவது அம்மாணவர்களுக்குக் கூடுதல் பயன் தரும்.